ஒரு கதிரைக்குப் பெய்த மழை

பத்தர்ஸ்ட் வீதிக்கு மேற்கே, நோர்மன் வைஸ் என்பவருடைய வீட்டின் பின்வளவில் ஒரு கதிரையின் மேல் மட்டும் முதன்முறை மழை பெய்தபோது அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரரான நோர்மன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி ரோஸ்லின். மில்லிக்கனிலிருந்து வந்திருந்த இராஜரட்ணம், யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய மனைவி மனோரஞ்சிதம். அவர்களுடைய மகன் கிருபன். கிருபனின் மகள் துவாரகா, அப்போது எட்டு வயது. ஏழாவது ஆளாக இருந்திருக்க வேண்டியவள் ஸ்டெபனி. அவள் நோர்மனின் மகள், கிருபனின் மனைவி, எங்கள் குடும்பத்தின் மருமகள். அவளை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள். வேறு எவராவது தானும் அங்கே நின்றதாகச் சொன்னால் நம்பத் தேவையில்லை. வானம் வெளித்திருந்தது, பூரணைக்குக் கிட்டிய நிலவு கிளம்பியிருந்தது, பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு துளி ஈரமும் இல்லை.

ஸ்டெபனியை எங்கள் குடும்பம் குறைவாக நடத்தியதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் அவளுக்குத் தாலி கட்டித்தான் கொண்டுவந்தோம். யூதர்களான அவர்கள் பக்கத்துக் கலியாணச் சடங்கிலும் கிருபன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைத்தான், அதற்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவாள். பிக்கரிங்கில் இருந்துகொண்டு ரயிலில் வேலைக்குப் போய்வந்தாள், வழியில் இருந்து தமிழ் எழுத்துப் படித்தாள். ஆனால் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையில் ஒரு காரியம் நடக்காமலே கிடந்தது. யூதர்களுக்குப் புரட்டாசி நிலவோடு ஒரு பெருநாள் வரும். சுக்கோத் என்பார்கள். வளவில் ஒரு கொட்டில் போட்டு, மேலே மரக்கிளைகளைப் பரப்பி, நட்சத்திரம் தெரிய இடைவெளி விட்டு, ஏழு நாளும் அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் சந்தோசமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளை. மழை பெய்து சூப் பழுதாகுமானால் எழுந்து வீட்டுக்குள் போகலாம். அதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஒவ்வொரு வருடமும் ஸ்டெபனி மில்லிக்கனுக்குத் தொலைபேசி எடுத்து, "மாமா, வாங்கோ, உங்களுக்குக் கதிரை போட்டிருக்கு" என்பாள். இராஜரட்ணம், "பாப்பம் பிள்ளை" என்பார். போகமாட்டார். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு வீட்டுப் பெரியவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். கெட்ட காரியத்துக்கு ஒருவரும் சொல்லாமலே போக வேண்டும். நோர்மன் நேரில் வரவில்லை. வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிவித்திருக்க வேண்டிய கிருபன் இரண்டு பக்கத்துக்கும் இடையில் களைத்துப்போய் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். பச்சை நிற மடக்குக் கதிரை ஒன்று ஒவ்வொரு வருடமும் விரிக்கப்பட்டு, ஒருவரும் இராமலே மடிக்கப்பட்டு, கராஜுக்குள் போனது.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபனி மகளோடு வந்து கொட்டிலுக்குள் அப்பிள்களையும் சின்னப் பூசணிகளையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கடைசியாகப் பச்சைக் கதிரையை விரித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை பிக்கரிங் ரயில் மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். செவ்வாய்க்கிழமை உயிர் போனது, புதன் காலையில் அடக்கம். அவர்கள் சவத்தைக் கிடத்தி வைப்பதில்லை. உறவினர் தங்கள் கையாலேயே மண் போடுகிறார்கள், அதுவும் மனமில்லாமல் போடுவதைக் காட்ட முதலில் மண்வெட்டியின் பின்புறத்தால். இராஜரட்ணமும் அப்படியே போட்டார். அங்கிருந்து எல்லோரும் நோர்மன் வீட்டுக்கு வந்தபோது, படலையடியில் நின்று பார்த்த இராஜரட்ணத்துக்கு வீட்டின் பக்கவாட்டில் இலைகளோடு ஒரு கூரை தெரிந்தது. "பாரும், ஒரு ராவுக்குள்ளை பந்தல் போட்டிட்டினம்," என்றார் மனைவியிடம். "மதிப்புத் தெரிஞ்ச சனம்." அது செத்தவீட்டுப் பந்தல் என்று அவர் நினைத்தார். எங்கள் ஆட்களில் எவர் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சுடலையால் வந்தவர்கள் முழுக வேண்டும். அதற்காக இருவரும் மில்லிக்கனுக்குப் போனார்கள். அவர்கள் முழுகி, உடை மாற்றி, நெடுஞ்சாலை நெரிசலில் திரும்பிவந்த நேரத்துக்குள் வைஸ் குடும்பத்தின் துக்கம் தொடங்கி முடிந்துவிட்டது. அது அவர்களுடைய சட்டம். ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் இருந்து துக்கம் காக்க வேண்டும். ஆனால் பெருநாளுக்கு முன் ஒரு மணித்தியாலம் இருந்தாலே ஏழு நாளும் இருந்த கணக்கு, சூரியன் விழுந்ததும் மிச்சம் தள்ளுபடி. நோர்மனும் ரோஸ்லினும் கிருபனும் அந்த ஒரு மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு முக்காலிகளை எடுத்து வைத்தார்கள்.

வெள்ளை வேட்டியும் நீளக் கறுப்புக் குடையுமாக இராஜரட்ணமும், சோறும் பருப்பும் அடைத்த பாத்திரத்தோடு மனோரஞ்சிதமும் பின்வளவுக்குள் வந்தபோது, பந்தலுக்குள் விளக்குகள் எரிந்தன, பழங்கள் தொங்கின, மேசையில் வைன் இருந்தது, பேத்தி சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். நோர்மன் குவளையைத் தூக்கிப் பிடித்து ஏதோ பாடிக்கொண்டிருந்தார். குரலில் உயிர் இல்லை.

"என்னடா உது?" என்றார் இராஜரட்ணம் மகனிடம். "காலமை மண் போட்ட கை. பின்னேரம் பழம் கட்டி வைன் குடிக்கினம்."

"அவையளுக்குப் பெருநாள் துவங்கீட்டுதப்பா. துக்கம் முடிஞ்சுதாம்."

"முடிஞ்சுதாமோ? ஆர் முடிச்சது?"

"எனக்குத் தெரியாது. எனக்கு நித்திரை வருது," என்றான் கிருபன். மூன்று நாளாக அவன் படுக்கவில்லை.

நோர்மன் பாட்டை நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். மனோரஞ்சிதத்துக்காகக் கிருபன் அதைத் தமிழில் சொன்னான்: "சந்தோசமா இருக்கிறன் எண்டு தான் சொல்லேல்லையாம். சந்தோசமா இருக்கச் சொல்லியிருக்காம். பிள்ளையைத் தாட்டுப்போட்டு வந்து தான் இப்ப காலிலை நிக்கிறதே, நிக்கச் சொல்லியிருக்கிறதாலைதானாம்."

இராஜரட்ணம் கச்சேரி ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். விளங்காததால் அவர் கோபப்படவில்லை, விளங்கியும் கோபப்பட்டார். எங்கள் வீட்டில் ஒரு சாவென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு என்று தீட்டுக் காப்போம், ஒரு வருடத்துக்குத் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. செத்தவீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவர், திடீரென்று ஒரு கொண்டாட்டத்தின் நடுவில் அழையாத விருந்தாளியாக நின்றார். எழுபத்தைந்து வயதில் அப்படி எங்கும் நின்றதில்லை. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு," என்றார். "இனி உங்கை வாற வேலை இல்லை." ரோஸ்லினுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் பேத்தியின் தோளைப் பிடித்தாள். கிருபன் எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை. அன்று அந்தப் படலையால் பிள்ளை வெளியே போயிருந்தால் இரண்டு வீடும் பிறகு முகம் பார்த்திரா. தாயை இழந்த பிள்ளை தாயின் வீட்டையோ தகப்பனின் வீட்டையோ சேர்த்து இழந்திருக்கும். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

மழை அப்போதுதான் தொடங்கியது. பச்சைக் கதிரையின் அகலத்துக்கும் நீளத்துக்கும், மேசையில் அதன் முன்னால் ஒரு கோப்பை வைக்கும் அளவுக்கும் பெய்தது. பலத்த மழை அல்ல, ஐப்பசியில் ஸ்காபரோவில் பெய்கிற நசநசத்த மழை. கிருபன் கதிரையை வேலிப் பக்கம் இழுத்துப் பார்த்தான், மழையும் வந்தது. திரும்ப இழுத்துவிட்டான். நோர்மன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளைகளுக்கு மேலே பார்த்தார், பிறகு ஒவ்வொரு சூப் கிண்ணமாகப் பார்த்தார். "ஒருத்தற்றை சூப்பிலையும் விழேல்லை. ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை," என்று அவர் முடிவு சொன்னதாகக் கிருபன் சொன்னான்.

"உது ஆற்றை கதிரை?" என்று கேட்டாள் மனோரஞ்சிதம்.

"அப்பப்பான்ரை," என்றாள் துவாரகா. "மம்மி எவ்ரி இயர் வைக்கிறவ. அப்பப்பா வாறேல்லை, ஸோ நாங்கள் மடிச்சு வைக்கிறனாங்கள்."

சொல்லிவிட்டு அவள் குசினித் துவாய் ஒன்றை எடுத்து வந்து கதிரையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடம் நனைந்தது. துவாயைப் பிழிந்து திரும்பத் துடைத்தாள். திரும்ப நனைந்தது. அவள் அழவில்லை, அவசரப்படவும் இல்லை, விருந்தாளி வருமுன் செய்து முடிக்க வேண்டிய வேலையைப் போலச் செய்துகொண்டிருந்தாள். சிவப்புச் சட்டையின் கை முழங்கைவரை நனைந்துவிட்டது. படலைவரை போயிருந்த இராஜரட்ணம் திரும்பிப் பார்த்தார்.

"விடு பிள்ளை, கை விறைக்கும்," என்றார். வந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஈரக் கதிரையில் இருந்தார்.

நோர்மன் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொட்டிலின் கூரைக்கும் தலைக்கும் நடுவில் குடை பிடித்தால், குடைக்குக் கீழே இருப்பவர் கொட்டிலுக்குள் இருப்பவராகக் கணக்கில்லை, சட்டம் அப்படி. இராஜரட்ணம் அதை முழுவதும் கேட்டார். கச்சேரியில் நாற்பது வருடம் சட்டத்தின்படி ஓடிய மூளை அது.

"அப்ப சரி," என்றார். "நான் செத்தவீட்டிலை இருக்கிறன். நீங்கள் உங்கடை கொண்டாட்டத்தைச் செய்யுங்கோ."

ரோஸ்லின் அவர் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். கொண்டாட்ட வீட்டுச் சாப்பாடு என்று அவர் தொடாமல் இருக்க, மனோரஞ்சிதம் எட்டிப் பார்த்து, "பருப்புத்தானே. துக்கத்துக்கு அவையளும் பருப்புத்தான் காய்ச்சிறவையாம். நேரம் பிந்திப் போச்சுதெண்டு அது கொண்டாட்டமாகிடுமோ, சாப்பிடுங்கோ," என்றாள். சாப்பிட்டார். பெருநாள் முடியும்வரை ஒவ்வொரு மாலையும் இருவரும் வந்தார்கள். இராஜரட்ணம் வெள்ளையில், குடைக்குக் கீழே, ஒரு சிரிப்பும் இல்லாமல் துக்கம் காத்தார்; ஒரு முழத்துக்கு அப்பால் நோர்மன் தனக்குச் சொல்லியிருந்தபடி சந்தோசமாக இருந்தார். இரண்டும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. குடை பிடித்த கை நொந்தால் கிருபன் கொஞ்ச நேரம் பிடிப்பான், அந்த நேரம் அவனும் கொட்டிலுக்கு வெளியே. துவாரகா சூப்பைக் கொட்டிலிலும் பழத்தைக் குடைக்குக் கீழேயும் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று சொல்லிக் குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்து, இது மழை, எனக்கு இதில் வேலை இல்லை என்று சொல்லிப் போனார். மனோரஞ்சிதம் அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டுபோய்ச் செவ்வந்திக்கு ஊற்றினாள். செவ்வந்தி வழமைபோலப் பூத்தது.

கொட்டிலைப் பிரித்த பிறகு மழை இல்லை. மில்லிக்கனில் துக்கம் முப்பத்தொன்றுவரை நடந்தது, ஒரு குறையும் வைக்கவில்லை, ஹோலில் வெள்ளை விரித்து ஸ்டெபனியின் படத்துக்கு விளக்கு வைத்திருந்தது. தன் சட்டத்தில் துக்கத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைத்த நோர்மன் அடிக்கடி அங்கே வந்தார். முதல்நாள் வந்து வெள்ளையில் குந்தியவர் இருட்டும்வரை அழுதார். மனோரஞ்சிதம் தேத்தண்ணி வைத்தாள். செத்தவீட்டுக்கு எவரும் சொல்லாமல் வரலாம்.

அடுத்த வருடம் ஐயர் குறித்துத் தந்த திவசத் திதியும் நோர்மனின் நாட்காட்டியில் இருந்த நினைவுநாளும் ஒரே நாளில் விழுந்தன. இரண்டு பக்கமும் நிலவைப் பார்த்துத்தான் நாள் எண்ணுகிறோம், ஆகவே இதில் அதிசயம் இல்லை. அதற்கு முந்திய கிழமை நோர்மனும் ரோஸ்லினும் மில்லிக்கனுக்கு வந்து வாசலில் நின்றார்கள். கிருபன் ஒருவழியாக வாயைத் திறந்திருந்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தான் போலும். நோர்மனின் கையில் ஒரு பெட்டியும், பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிய பெரிய மஞ்சள் எலுமிச்சம்பழம் ஒன்றும் இருந்தன. அவர்களுடைய பெருநாளுக்குத் தேடி வாங்குகிற பழம் அது. துவாரகா பழக்கிவிட்ட தமிழில் நோர்மன், "எங்கடை வீட்டை வாங்கோ," என்றார்.

இராஜரட்ணம் பழத்தை வாங்கி மணந்து பார்த்தார். "எலுமிச்சம்பழத்தோடை வந்திருக்கிறார். முறை தெரிஞ்ச மனுசன்," என்றார். பழத்தைச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் நோர்மன், அந்தப் பழம் இல்லாமல் தன்னால் பெருநாள் செய்ய முடியாது, நீங்கள்தான் அதைக் கொண்டுவர வேண்டும் என்றார். மனோரஞ்சிதம் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

திவசம் முடிந்தது. இராஜரட்ணம் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, மூன்று குறி விபூதி பூசி, பழத்தோடும் குடையோடும் போனார். பச்சைக் கதிரையை இந்த முறை துவாரகா விரித்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் குடையை விரிக்கப் போய் நிறுத்தினார். துடக்கு முடிந்தாயிற்று, நேரில் வந்து அழைத்தாயிற்று. குடை பிடித்தால் அவர்கள் சட்டப்படி அவர் வெளியே இருக்கிறார். அழைத்த வீட்டில் வந்து வெளியே இருப்பது மரியாதை அல்ல. குடையை மடித்துக் கொட்டில் மூலையில் சாத்தினார். இருந்தார். பட்டு வேட்டியும் சால்வையும் உடனே நனைந்தன, விபூதி வழிந்தது, முதுகு மட்டும் வளையவில்லை. ரோஸ்லின் சூப் வைத்தாள். அதற்குள்ளும் மழை விழுந்தது. நோர்மன் பதறிப்போய், உங்கள் சூப் பழுதாகிவிட்டது, உங்களுக்கு விலக்கு உண்டு, வீட்டுக்குள் போய் இருங்கள் என்றார்.

"பந்தியிலை இருந்து பாதியிலை எழும்பிற பழக்கம் எங்களுக்கில்லை," என்றார் இராஜரட்ணம்.

அவர் குடிக்கக் குடிக்க மழை நிரப்பியது. கிண்ணம் குறையவில்லை. விருந்தாளி முடிக்குமுன் வீட்டுக்காரர் எழும்ப முடியாது என்பதால் எல்லோரும் காத்துக்கொண்டு இருந்தார்கள். சூப்பின் நிறம் போய்த் தண்ணீரானது. அவர் கரண்டியை வைக்கவில்லை.

"அப்பப்பா, யூ ஆர் லூசிங்," என்றாள் துவாரகா.

"இஞ்சருங்கோ, கெதியாக் குடியுங்கோ," என்றாள் மனோரஞ்சிதம். "இல்லாட்டித் தைப்பொங்கலுக்கும் உங்கை இருக்கவேண்டி வரும்."

துவாரகா சிரித்தாள். ரோஸ்லின் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். கிருபன் ஒரு வருடமாகச் சிரிக்காதவன், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான், சிரித்தபடியே அழுதான், அழுது முடியுமுன் திரும்பச் சிரித்தான். இரண்டில் ஒன்றை நிறுத்து என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. நோர்மன் பாட்டைத் தொடங்கினார். பழைய பாட்டுத்தான், களைத்த குரல்தான், ஆனால் இந்த முறை நடுவில் விடாமல் பாடி முடித்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நோர்மன் பழத்தோடு வருவார், இராஜரட்ணம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார், கதிரைக்கு மழை பெய்யும். அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த வருடம் மனோரஞ்சிதம் அதில் இருந்தாள், அவளுக்கும் பெய்தது. நோய்த்தொற்று வருடத்தில் மில்லிக்கனிலிருந்து ஒருவரும் வரமுடியாமல் வெறுங்கதிரைக்குப் பெய்தது, அதைத் துவாரகா தொலைபேசியில் காட்டினாள். இப்போது ரோஸ்லின் துவாயைச் சூடாக்கி வைத்திருப்பாள். ஒரு வருடம், இராஜரட்ணம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேலைசெய்த விமான நிலையச் சரக்குக் கிடங்கில் கொடுத்த மழைச்சட்டையைக் கிருபன் எடுத்து நீட்டினான். அது குடையைப் போன்றதா இல்லையா என்று நோர்மன் ஒரு மாலை முழுவதும் யோசித்து, உடுப்பு உடுப்புத்தான், போடலாம் என்று முடிவு சொன்னார். இராஜரட்ணம் போடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அந்த மழை புதினம். வீட்டார் அந்தப் பக்கம் பாண் கூடையை வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் பற்றி வெளியில் பல கதைகள் உலாவுவதால் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. இராஜரட்ணம் மதம் மாறிவிட்டார் என்பது பொய். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறார். அந்தத் தண்ணீர் சலரோகத்துக்கு நல்லது என்பதும் பொய். கடைசியாக, முதல்முறை குடையை மடித்துவிட்டு இருந்த அன்று இராஜரட்ணம் மருமகளை நினைத்து எல்லோர் முன்னிலையிலும் அழுதார் என்று மில்லிக்கனில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது உண்மை அல்ல. மழை பெய்தது.